மூன்று கடிகாரங்கள் ஓடும் வகுப்பறை

1924-ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஒரு பள்ளி தொடங்கியது. முதல் உலகப் போர் முடிந்து, நாடுகளின் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அந்த ஏரிக்கரை ஊரில் அலுவலகம் போட்டிருந்த காலம். பல தேசத்து அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. கல்வியாளர் அடோல்ஃப் ஃபெரியேரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஆங்கிலம், பிரெஞ்சு என்று இரண்டு மொழிகளில் நடத்திய அந்தப் பள்ளியின் முதல் மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று 'எக்கோலிண்ட்' என்று அழைக்கப்படும் ஜெனீவா சர்வதேசப் பள்ளி அதுதான். 1926-இல் மனைவி கமலாவின் சிகிச்சைக்காக ஜவாஹர்லால் நேரு ஜெனீவா வந்தபோது, எட்டு வயது இந்திராவை அங்கே சேர்த்தார். அந்தச் சிறுமி நெடுநாள் அங்கே படிக்கவில்லை. 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரசுக்கு நேரு வந்து சேர்ந்துவிட்டார். ஐரோப்பிய வாசம் முடிந்தது. சர்வதேசத் தொடக்கப்பள்ளி என்ற ஏற்பாட்டின் அடிப்படைச் சிக்கல் இந்த ஒரு சேர்க்கையிலேயே இருக்கிறது. அங்கே வருகிற பிள்ளை படித்து முடிப்பதற்காக வருவதில்லை. பெற்றோருக்கு அந்த ஊரில் வேலை இருக்கும் வரைதான் அதன் படிப்பும் அந்த ஊரில்.

நம் ஊரில் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்று பலகை மாட்ட வெளிநாட்டுப் பிள்ளை ஒன்றுகூட வேண்டியதில்லை; ஏ.சி. வகுப்பறையும் ஆங்கிலப் பெயரும் போதும். உலகம் முழுவதுமே அந்தச் சொல் இப்போது நீர்த்துப்போய்த்தான் இருக்கிறது. இந்தப் பள்ளிகளைக் கணக்கெடுக்கும் ஐ.எஸ்.சி. ரிசர்ச் நிறுவனத்தின்படி 2000-இல் ஆங்கிலவழி சர்வதேசப் பள்ளிகள் சுமார் 2,500. இன்று 14,000-க்கும் மேல். படிப்பவர்கள் 70 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஒரு காலத்தில் அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வெளிநாட்டவர், இப்போது பத்துக்கு எட்டுப் பேர் உள்ளூர்க்காரர்கள் என்பதும் அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு. துபாயிலும் ஷாங்காயிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளோடு நடக்கும் பெரிய பள்ளிகளின் கதை வேறு. அது வணிகப் பக்கத்தில் எழுத வேண்டிய கதை. டிரானா, துஷான்பே, யெரவான், வியந்தியன் போன்ற சிறிய தலைநகரங்களில் மொத்தமே ஐம்பது, அறுபது பிள்ளைகளோடு நடக்கிற பள்ளிகள்தான் ஜெனீவாவின் நேர் வாரிசுகள். தூதரக அலுவலர், ஐ.நா. ஊழியர், அணை கட்ட வந்த பொறியாளர், தொண்டு நிறுவனத்து மருத்துவர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஆசிரியராகப் போகிறவர் உண்மையில் என்ன வேலைக்குப் போகிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அந்த வகுப்பறையில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. மூன்றும் மூன்று நேரம் காட்டும். முதலாவது குடும்பத்தின் கடிகாரம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போஸ்டிங் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு. அது முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும். இரண்டாவது ஆசிரியரின் கடிகாரம். முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. புதுப்பித்துக்கொள்ளலாம் என்றாலும், புதுப்பிக்காமல் அடுத்த நாட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். மூன்றாவது மொழியின் கடிகாரம். இதைப் பார்த்து யாரும் டிக்கெட் போடுவதில்லை. ஆனால் மற்ற இரண்டையும் பொய்யாக்கிவிடுவது இதுதான்.

கனடாவின் கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ் 1980-களின் தொடக்கத்தில் டொராண்டோ நகரப் பள்ளிகளில் சேர்ந்த குடியேறிகளின் பிள்ளைகளைப் பற்றிய புள்ளிவிவரங்களை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் பிள்ளைக்கு ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தின் ஆங்கிலம், அதாவது ஒரு பத்தியைப் படித்துக் காரணம் சொல்லவும் கணக்கின் கேள்வியைப் பிரித்துப் புரிந்துகொள்ளவும் வேண்டிய மொழி, அந்த வயதுப் பிள்ளைகளின் அளவுக்கு வந்து சேர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் வர்ஜீனியா காலியர் நடத்திய ஆய்வு இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டியது. ஆங்கிலப் பள்ளிக்கு ஐந்து, ஆறு வயதில் வந்தவர்களைவிட, எட்டு முதல் பதினொரு வயதுக்குள் வந்தவர்கள் விரைவாக மற்றவர்களை எட்டிப்பிடித்தார்கள். சின்ன வயதிலேயே ஆங்கிலத்தில் போட்டால் பசுமரத்தாணி போலப் பதிந்துவிடும் என்று நம்புகிற பெற்றோருக்கு இது நெஞ்சில் அடிக்கும் செய்தி. எட்டு வயதில் வந்தவர்கள் தங்கள் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். வாசிப்பு என்றால் என்ன என்பதை அவர்கள் ஒருமுறை கற்றாயிற்று. புதிய எழுத்துகளை மட்டும்தான் பழக வேண்டியிருந்தது. ஐந்து வயதில் வந்தவர்களோ தெரியாத மொழியில் வாசிப்பு என்ற வித்தையையே முதன்முதலாகக் கற்க வேண்டியிருந்தது.

ஐந்து முதல் ஏழு ஆண்டு என்ற எண்ணை, இரண்டு மூன்று ஆண்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஒரு சிறிய சர்வதேசத் தொடக்கப்பள்ளி ஒரு பிள்ளையின் ஆங்கிலத்தை முடித்து அனுப்ப முடியாது. பாதி ஆங்கிலத்தோடு அந்தப் பிள்ளை விமானம் ஏறும். அடுத்த ஊரில் பிரெஞ்சுவழிப் பள்ளி இருக்கலாம், சொந்த நாட்டுப் பள்ளியாகவே இருக்கலாம். இதற்கிடையில் வீட்டு மொழி வாசிப்பும் எழுத்தும் இல்லாமல் காய்ந்துவிட்டால், கையில் இருப்பது இரண்டு அரைமொழிகள். ஆகவே என் வாதம் இது: அந்த ஆசிரியரின் வேலை தொடங்கியதை முடித்துவைப்பதாக இருக்க முடியாது. பிள்ளையை அடுத்த கைக்குச் சேதாரம் இல்லாமல் மாற்றிக்கொடுப்பதுதான் அவர் வேலை. ஐ.பி., கேம்பிரிட்ஜ், அமெரிக்கன் என்று வாசலில் எந்தப் பாடத்திட்டத்தின் பெயர் இருந்தாலும், பள்ளியின் தரத்தை இந்தக் கைமாற்று எப்படி நடக்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

கைமாற்று பாழாகும் முதல் இடம் ஒரு நல்லெண்ண அறிவுரை. "வீட்டிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் சொல்வார். சொல்பவருக்கு அது வீட்டுப்பாடம் மாதிரி. ஆனால் அமெரிக்காவில் லில்லி வோங் ஃபில்மோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிக்கு முந்திய வயதிலேயே ஆங்கிலத்துக்குள் தள்ளப்பட்ட குடியேறிக் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டு மொழியை இழப்பதையும், அதோடு பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் பேச்சே குறுகிப்போவதையும் காட்டியது. ஆங்கிலம் சரளமாக வராத அம்மா பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் சாப்பிடு, தூங்கு, சீக்கிரம் என்பதைத் தாண்டிப் பேச முடியாது. கதை, கோபம், கேலி, விளக்கம் எல்லாம் போய்விடும். இரண்டாவது தவறு, மௌனத்தைத் தப்பாகப் படிப்பது. புதிய மொழிக்குள் விழுந்த சின்னப் பிள்ளை சில மாதங்கள் வாயே திறக்காமல் இருப்பது இயல்பு. கேட்கிறது, பார்க்கிறது, உள்ளே சேர்த்துவைக்கிறது. இது தெரியாத ஆசிரியர் அதைக் கற்றல் குறைபாடு என்று எழுதிவிட்டால், அந்தக் காகிதம் பிள்ளையைவிட முன்னதாக அடுத்த பள்ளிக்குப் போய்ச் சேரும்.

வீட்டு மொழியையும் பள்ளி காக்க வேண்டும் என்பதற்கு வரும் முதல் எதிர்வாதம் பணம் சம்பந்தப்பட்டது. பெற்றோரோ, அவர்களுடைய நிறுவனமோ பெரும் கட்டணம் கட்டுவது ஆங்கிலத்துக்காக. தாய்மொழியைக் காப்பாற்றுவது வீட்டின் பொறுப்பு. பள்ளி தன் சரக்கைக் கொடுக்கட்டும் என்பார்கள். நியாயமான பேச்சுதான், ஆங்கிலமும் தாய்மொழியும் ஒரே பானையில் பங்கு கேட்கும் இரண்டு பேர் என்றால். காலியரின் ஆய்வு காட்டுவது அதற்கு நேர்மாறு. தாய்மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைதான் ஆங்கிலத்தை விரைவில் பிடிக்கிறது. எனவே ஆங்கிலத்துக்காகவே பணம் கட்டுகிற பெற்றோர்கூட, தங்கள் பணத்துக்கு முழுப் பயன் வேண்டுமென்றால், வீட்டு மொழியை உள்ளே விடும் பள்ளியைத்தான் தேட வேண்டும். ஜெனீவாப் பள்ளியை 1929 முதல் 1949 வரை நடத்திய மரி-தெரேஸ் மொரெட், 1948-இல் யுனெஸ்கோவுக்காக எழுதிய அறிக்கையில் இரண்டு மொழிக் கல்வியைத் தன் முறையின் தூண்களில் ஒன்றாக வைத்தார். புவியியலைத் தேசப் படத்தில் தொடங்காமல் முழு பூமியிலிருந்து தொடங்கியதும் அவருடைய பள்ளிதான். புதிய கண்டுபிடிப்பு எதையும் யாரும் கேட்கவில்லை. பழைய பாடத்தை மறக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. பன்னிரண்டு பிள்ளைகள், ஒன்பது மொழிகள்; ஆசிரியர் என்ன அகராதியா? ஆசிரியருக்கு அத்தனை மொழியும் தெரிய வேண்டும் என்பது தேவையே இல்லை என்பதற்கு டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் தார்ன்வுட் என்ற அரசுத் தொடக்கப்பள்ளி நல்ல உதாரணம். நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்த அந்தப் பள்ளியில், முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதி, அதையே வீட்டில் பெற்றோரின் துணையோடு தங்கள் மொழியிலும் எழுதி, இருமொழிப் புத்தகமாகக் கட்டினார்கள். ஆசிரியருக்கு உருது தெரியாது. ஆனால் உருதுவில் ஒரு பக்கம் எழுதிவா என்று கேட்க உருது தெரிய வேண்டியதில்லை. கேட்பதுதான் முக்கியம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்கா சென்ற சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாண வகுப்பறைகளை வைத்து 1999-இல் எழுதிய நூலில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். ஆங்கில வகுப்பில் தமிழ் புகுவதைத் தவறு என்று மேலைநாட்டு முறைகள் சொன்னபோதும், ஆசிரியரும் மாணவரும் இரண்டையும் கலந்துதான் ஆங்கிலத்தைத் தங்களுக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில், காகிதத் தட்டுப்பாட்டுக்கு நடுவில் முடிந்தது, கம்பளம் விரித்த வகுப்பறையில் முடியாது என்று சொல்வது சோம்பல்.

(பல பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருநாள் சர்வதேச தினம் உண்டு. கொடி, உடை, சாப்பாடு. திருநெல்வேலிப் பிள்ளைக்கு ஷெர்வானி மாட்டி, கையில் சமோசாத் தட்டைக் கொடுத்து 'இந்தியா' என்று நிறுத்திவிட்டால் பன்மைப் பண்பாடு முடிந்தது. மீதி நாட்கள் ஆங்கிலம்.)

சிறிய பள்ளி என்பதே ஒரு பலவீனம் என்றும் சொல்லப்படுகிறது. ஆறு வயதும் எட்டு வயதும் ஒரே அறையில். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புக்கும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. பல வகுப்புகள் கலந்த அறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த நெதர்லாந்தின் சைமன் வேன்மன், கற்றலில் அவை தனி வகுப்புகளைவிட மோசமும் இல்லை, மேலும் இல்லை என்றார். குறைந்த எண்ணிக்கையோ நேரடியாகவே நன்மை. 1985-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய பெரிய சோதனையில், 13 முதல் 17 பேர் இருந்த தொடக்க வகுப்புகள் 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிடத் தெளிவாக முன்னால் நின்றன. கலப்பு வகுப்பை நடத்தும் கலை நமக்குப் புதிதும் இல்லை. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டைகளும் ஏணிகளும்தான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் வழியாகத் தமிழ்நாடு முழுவதும் செயல்வழிக் கற்றலாகப் பரவின. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நிற்கும். ஆசிரியர் படிப்படியாகப் போய்ப் பார்ப்பார். ஏமன் தலைநகர் சனாவில் 1971-இல் ஒரு சிறு பள்ளியோடு தொடங்கி, பின்னர் பல நாடுகளில் சிறு பள்ளிகளை நடத்தும் கியூ.எஸ்.ஐ. அமைப்பும் இதையொத்த ஒரு கொள்கையைத்தான் வைத்திருக்கிறது: ஒரு பாடப்பகுதி கைவரும் வரை அதிலேயே இருக்கலாம், வந்த பிறகே அடுத்தது. பிப்ரவரி நடுவில் வந்து சேர்ந்து நவம்பரில் கிளம்பும் பிள்ளைக்கு, எல்லாரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற முறையைவிட இதுதான் பொருந்தும். எந்தப் படியில் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: வகுப்பில் ஏழே பேர் என்றால், ஒத்த வயதில் ஒத்த மொழியில் ஒரு சிநேகிதன் கிடைக்காமலே போகலாம். அதை எந்த முறையாலும் ஈடுகட்ட முடியாது.

அப்படியானால் செயல்வழிக் கற்றலில் பத்தாண்டு பழகிய ஒரு தமிழ்நாட்டு ஆசிரியை இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவர் அல்லவா? தாளில் பார்த்தால் ஆம். வேலை விளம்பரத்தைப் பார்த்தால் இல்லை. 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்ற இரண்டு சொல் வாசலிலேயே நிற்கும். பிறப்பால் ஆங்கிலம் பேசுபவரே சிறந்த ஆங்கில ஆசிரியர் என்ற எண்ணம் ஒரு மூடநம்பிக்கை என்று மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992-லேயே வாதிட்டுவிட்டார். கனகராஜாவும் அதைப் பின்தொடர்ந்து எழுதினார். இரண்டாம் மொழியை அடி அடியாகக் கற்ற அனுபவம் இருப்பவருக்கு, மௌனமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும். ஒரே மொழியில் வளர்ந்தவர் அதைப் பயிற்சியால்தான் அறிய வேண்டும். பெற்றோர் உச்சரிப்பைத்தான் கேட்கிறார்கள் என்று நிர்வாகம் கையை விரிக்கும். உச்சரிப்பு பிள்ளைக்கு நண்பர்களிடமிருந்தும் திரையிலிருந்தும் வந்துவிடும். ஒரு கேள்வியைப் பிரித்துப் படிப்பது அப்படி வராது.

இன்னொரு கேள்வியும் வரும். இன்று சர்வதேசப் பள்ளிகளில் பெரும்பான்மை உள்ளூர்ப் பிள்ளைகள் என்றால், வந்துபோகும் பிள்ளைகளைப் பற்றிய இந்தக் கவலை காலாவதியானதுதானே? எண்ணிக்கையில் சரி. ஆனால் ஊரைவிட்டு எங்கும் போகாத அந்த உள்ளூர்ப் பிள்ளையின் நிலைமை இன்னும் கூர்மையானது. வியந்தியனில் வளர்ந்து லாவோ மொழியில் பத்திரிகை படிக்கத் தெரியாமல் பெரியவனாகும் பிள்ளை, சொந்தத் தெருவிலேயே வெளிநாட்டுக்காரன். ஐ.பி.யின் தொடக்கநிலைத் திட்டம் ஏழு வயதிலிருந்தாவது எல்லாப் பிள்ளைகளும் இரண்டாவது மொழி ஒன்றைக் கற்க வேண்டும் என்கிறது. அந்தப் பாடவேளையைப் பல பள்ளிகள் உள்ளூர் மொழிக்குக் கொடுக்கலாம். எத்தனை பள்ளிகள் அதைப் பாட்டும் வணக்கமும் தாண்டிக் கொண்டுபோகின்றன என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இனி விடைபெறுதல். இதையும் பாடமாக நடத்த வேண்டும் என்ற எண்ணத்தின் வேர் இந்தியாவில் இருக்கிறது. 1950-களில் அமெரிக்க சமூகவியலாளர்கள் ஜான் யூசீமும் ரூத் ஹில் யூசீமும் இங்கே வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய வந்தார்கள். பெற்றோரின் பண்பாட்டிலும் சேராமல், சுற்றியிருக்கும் பண்பாட்டிலும் சேராமல், இரண்டுக்கும் நடுவில் தனக்கென ஒன்றைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று ரூத் பெயர் வைத்தார். கொடைக்கானலில் 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, 1976-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஐ.பி.யை நடத்திய பள்ளி அப்படிப்பட்ட பிள்ளைகளை முக்கால் நூற்றாண்டாகப் பார்த்திருந்தது. பின்னால், இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதிய டேவிட் போலக், ஊர் மாறும் பிள்ளை செய்ய வேண்டிய நான்கு காரியங்களை வகுத்தார்: சண்டை போட்டவரோடு சமாதானம், உதவியவருக்கு நன்றி, மனிதருக்கும் இடத்துக்கும் விடைசொல்லல், போகும் ஊரைப் பற்றி உண்மையாக நினைத்துப் பார்த்தல். நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'தெப்பம்' என்று பொருள்படும் சொல் வரும். அடிக்கடி பள்ளி மாறுவது கற்றலைப் பின்னுக்கு இழுக்கிறது என்று கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டி 2009-இல் தொகுத்துக் காட்டினார். அதற்கு அடிப்படையான ஆய்வுகள் பலவும் வாடகை கட்ட முடியாமல் வீடு மாறும் அமெரிக்க ஏழைக் குடும்பங்களைப் பற்றியவை. தூதரகப் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒரு சிறிய பள்ளியில் ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் போகிறார்கள். போகிறவர்களுக்குப் பூங்கொத்து, பாட்டு. இருக்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் ஆண்டாக சிநேகிதர்களை வழியனுப்புகிற பிள்ளை, நான்காம் ஆண்டு புதியவர்களோடு பேசவே முயலாது. விடைபெறும் பாடம் அதற்கும் சேர்த்துத்தான்.

இந்த மூன்று கடிகாரங்களுக்கு வெளியே நான்காவது ஒன்று ஓடுகிறது. பெரும்பாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அது உள்ளூர் உதவி ஆசிரியையின் கடிகாரம். வெளிநாட்டு ஆசிரியர் இரண்டு ஆண்டில் போவார், தலைமையாசிரியர் நான்கில் போவார். அவர் பதினைந்து ஆண்டாக அங்கேயே இருப்பார். எந்தப் பிள்ளை எத்தனை மாதம் பேசாமல் இருந்தது, எந்தத் தாய்க்கு எந்த மொழியில் கடிதம் எழுத வேண்டும், போனமுறை இரட்டையர் கிளம்பியபோது என்ன நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கு நினைவு என்று ஒன்று இருந்தால் அது அவர்தான். ஆனால் சம்பளப் பட்டியலில் அவர் 'லோக்கல் ஹையர்'. வீட்டு வாடகை, விமானக் கட்டணம், பிள்ளைக்கு இலவச இடம் எல்லாம் வெளியிலிருந்து வந்தவருக்கு. உள்ளூர்ச் சம்பளத்தை உள்ளூர்ச் சந்தைதான் தீர்மானிக்கிறது என்பது நிர்வாகத்தின் வாதம். கைமாற்றுதான் அங்கே நடக்கும் உண்மையான வேலை என்றால், இரண்டு கைகளுக்கும் நடுவில் தொடர்ச்சியாக நிற்பவர் அவர் ஒருவரே. அவரை உதவியாளர் என்று அழைப்பதே தவறு. அவருக்கு முறையான ஆசிரியர் பயிற்சி, பிள்ளையோடு அடுத்த பள்ளிக்குப் போகும் கோப்பில் கையெழுத்திடும் உரிமை, அதற்கேற்ற சம்பளம் மூன்றும் கொடுப்பது ஒரு வெளிநாட்டு ஆசிரியரை அழைத்துவரும் செலவைவிடக் குறைவாகவே ஆகும்.

அந்தக் கோப்பில் என்ன இருக்க வேண்டும்? ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கம், வீட்டு மொழியில் எழுதிய ஒரு பக்கம், இரண்டுக்கும் தேதி. கணக்கில் எந்தப் படி. முதல் வார்த்தை பேச எத்தனை மாதம் எடுத்தது. இப்போது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறது. யாரோடு உட்கார்ந்தால் சிரிக்கும். நம் ஊர் டி.சி.யில் ஒரு பிள்ளையின் மச்சம் எங்கே இருக்கிறது என்பதற்குக்கூட இடம் விட்டிருக்கிறார்கள். ரிப்போர்ட் கார்டின் வழவழப்பான நான்கு பக்கங்களில் இவற்றுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம்.